கண்ணியும் கீலும்: கைக்கடிகாரச் சங்கிலியின் வரலாறும் பொற்கொல்லர் தமிழும்



கைக்கடிகாரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் உள்ளே இயங்கும் பொறியைப் பற்றியே எழுதுவர். சக்கரம், சுருள்வில், பின்னர் வந்த படிகம் ஆகியவை பலமுறை பேசப்பட்ட செய்திகள். அந்தப் பொறியை மனித உடலோடு பிணைக்கும் உலோகச் சங்கிலியோ அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. உயர்விலைக் கைக்கடிகாரங்களில் அச்சங்கிலியின் கட்டமைப்பு எவ்வாறு மாறி வந்தது என்பதை எடுத்துரைப்பது இவ்வுரையின் முதல் நோக்கம். அம்மாற்றத்தை விளக்கத் தமிழில் புதுச்சொற்களைப் படைக்க வேண்டியதில்லை. நம் பொற்கொல்லர் பட்டறையில் அவை ஏற்கெனவே உள்ளன. இதைக் காட்டுவது இரண்டாம் நோக்கம். அச்சொற்களும் அவற்றைக் கையாண்ட தொழிலும் ஒருங்கே நம்மை விட்டு நீங்கி வருவதால், இரண்டாவது நோக்கமே எனக்கு மிகுந்த கவலைக்குரியது.

வாரும் சங்கிலியும்

கடிகாரத்தை மணிக்கட்டில் அணியும் வழக்கம் அணிகலனாகவே தொடங்கிற்று. நேப்பிள்ஸ் அரசி கரோலின் முராவுக்காக பிரெகே 1810இல் செய்யத் தொடங்கி 1812இல் முடித்த கடிகாரம், பொன்னிழையோடு முடியைச் சேர்த்துப் பின்னிய பட்டையில் கட்டப்பட்டிருந்தது. 1868இல் பாடெக் பிலிப் நிறுவனம் ஹங்கேரியப் பெருமாட்டி ஒருவருக்காகச் செய்த கடிகாரம் பொற்காப்பு ஒன்றின் நடுவே பதிக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஆடவர் சட்டைப்பையில் சங்கிலியிட்ட கடிகாரத்தையே வைத்திருந்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரே ஆடவரின் கடிகாரத்தைப் பையிலிருந்து மணிக்கட்டுக்கு மாற்றியது. ஒரு கையில் ஆயுதம் ஏந்திய வீரன் மறுகையால் பையைத் துழாவிக்கொண்டிருக்க இயலாது. அன்று அவன் அணிந்தது தோல் வார்.

ஐரோப்பியக் குளிருக்கு அவ்வார் போதுமானதாக இருந்தது. நம் மண்ணிலோ நிலைமை வேறு. கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் குடாவுக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, இப்பள்ளத்தாக்கின் வாழ்வு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பணியாற்றியோரில் தமிழர் பலர். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் வியர்வையும் நிறைந்த இந்நாட்டில் தோல் வார் விரைவில் கறுத்து, நாறி, தைத்த இடம் விட்டுப்போகும். நம் முன்னோருக்கு உலோகச் சங்கிலி ஆடம்பரமாக மட்டும் வந்து சேரவில்லை. தட்பவெப்பமும் அதனை வேண்டிற்று.

பேச்சுவழக்கில் நாம் இதனை ‘வாட்ச் செயின்’ என்கிறோம். ஆங்கிலமோ இதனைக் கைவளைக்குரிய பெயராலேயே குறிக்கிறது. நம் மக்கள் அதனைச் சங்கிலி எனக் கண்டது கூர்மையான பார்வை. வளை என்பது ஒரே வட்டம். சங்கிலி என்பது கண்ணிகளின் தொடர். இவ்வணியின் வரலாறு முழுவதும் கண்ணிகளின் வரலாறே.

மூன்று வழிகள்

வளையாத உலோகத்தை வளையச் செய்வதற்கு உலகெங்கும் பொற்கொல்லர் கண்ட வழிகள் மூன்று.

முதல் வழி கம்பியைப் பின்னுதல். கம்பியச்சின் துளைகளில் பெரிதிலிருந்து சிறிதாகத் தங்கத்தை இழுத்து மெல்லிய கம்பியாக்கி, அதனைச் சுருளாகச் சுற்றி, ஒரு சுருளை மற்றொன்றினுள் கோத்துப் பட்டையாக்குவது. மிலான் நகரின் பெயரால் வழங்கும் பின்னல் சங்கிலி இவ்வகையைச் சேர்ந்தது. துணிபோல் மென்மையாகப் படியும். 1950களிலும் 1960களிலும் மெல்லிய தங்கக் கடிகாரங்களோடு பெரிதும் விற்பனையாயிற்று.

இரண்டாம் வழி உள்ளே வில்லை ஒளித்து வைத்தல். சிறு கூடுகளை அடுக்கி, அவற்றுக்குள் தட்டை வில்களைச் செருகினால் சங்கிலி இழுக்க விரியும், விட்டால் சுருங்கும், பூட்டே தேவையில்லை. ஜெர்மனியின் போர்ட்சைம் நகரில் உருவான இம்முறையை அமெரிக்காவின் ஸ்பைடல் நிறுவனம் 1959இல் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையில் மாட்டுவது எளிது; ஆனால் மணிக்கட்டின் மயிரைப் பிடுங்கும் குற்றமும் அதற்குண்டு. உயர்விலைக் கடிகாரங்கள் இவ்வழியை நெடுங்காலம் பின்பற்றவில்லை.

மூன்றாம் வழி தகடுகளைக் கீலால் இணைத்தல். நம் ஒட்டியாணத்தைக் கவனியுங்கள். இடையைச் சுற்றி வளையவேண்டிய அவ்வணி பல தகட்டுத் துண்டுகளாகச் செய்யப்பட்டு, துண்டுக்குத் துண்டு கீல் வைத்து, கீலின் குழலில் ஆணி செலுத்தி இணைக்கப்படுவதுண்டு. தகடு விறைப்பாக நிற்கும். கீல் வளைந்து கொடுக்கும். இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கும் எஃகுச் சங்கிலிகளின் அடிப்படையும் இதுவே.

துண்டு சிறிதாகச் சிறிதாக வளைவு நயமாகும். ஆனால் மூட்டுகள் கூடும், மூட்டுதோறும் தேய்மானமும் கூடும். சங்கிலிக் கட்டமைப்பின் மாற்றங்கள் பலவும் இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் முயற்சிகளே.

கூடும் கெட்டியும்

இதற்குத் தெளிவான சான்று ரோலெக்ஸ் நிறுவனத்தின் சங்கிலிகள். 1926இல் நீர்புகாக் கடிகாரக் கூட்டை அறிமுகப்படுத்திய அந்நிறுவனம், 1930களின் இறுதியில் ‘ஆய்ஸ்டர்’ எனும் மூவரிசைக் கண்ணிச் சங்கிலியைக் கொணர்ந்தது. 1945இல் ஐவரிசைக் கண்ணிகள் கொண்ட ‘ஜூபிலி’யும், 1956இல் அரைவட்டக் கண்ணிகள் கொண்ட ‘பிரசிடென்ட்’டும் வந்தன. ஜூபிலியின் நடுக்கண்ணிகள் சிறியவை. ஆகவே அது கையில் நன்கு படியும். ஆய்ஸ்டரின் கண்ணிகள் அகன்றவை; ஆகவே அது உறுதியானது.

புறத்தோற்றத்தில் ஆய்ஸ்டர் சங்கிலி இத்தனை ஆண்டுகளில் பெரிதும் மாறவில்லை. உள்ளேதான் எல்லாம் மாறிற்று. 1950களில் அதன் கண்ணிகள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த கூடுகள். அவற்றைத் தறையாணி இணைத்தது. ஆணியின் தட்டிய தலை சங்கிலியின் விளிம்பில் வெளிப்படையாகத் தெரியும். 1960களின் இறுதியில் தகட்டைப் பல மடிப்பாக மடித்துச் செய்த கண்ணிகள் வந்தன. பக்கவாட்டில் பார்த்தால் ஏடுகளை அடுக்கியதுபோல் மடிப்புகள் தெரியும். 1970களின் நடுப்பகுதியிலிருந்து கெட்டி உலோகத்தில் வெட்டிய கண்ணிகள் படிப்படியாக இடம்பெற்றன. இறுதியில் நடுக்கண்ணியும், கடிகாரக் கூட்டோடு பொருந்தும் முனைக்கண்ணியும் கெட்டியாயின.

நகைக்கடையில் ‘இது கூடா, கெட்டியா’ என்று நம் பெண்கள் கேட்கும் கேள்வி இங்கு அப்படியே பொருந்துகிறது. கூடு எடை குறைந்தது, விலை குறைந்தது, அணிவதற்கு இலேசானது. ஆனால் வியர்வையும் தூசும் கலந்த சேறு ஆணியைச் சுற்றி அரம்போல் அராவ, மெல்லிய சுவர் விரைவில் தேயும். பழைய சங்கிலியைக் கிடையாகப் பிடித்தால் அது கயிறுபோல் தொய்வது இதனால்தான். உலோகம் நீண்டுவிட்டதாகப் பலர் கருதுவர். உண்மையில் ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் துளையும் மயிரிழையளவு தேய்ந்து, அத்தேய்மானங்கள் கூடித் தொய்வாகின்றன. கெட்டிக் கண்ணி இதனை முற்றிலும் தடுக்கவில்லை, நெடுங்காலம் தள்ளிப்போட்டது.

அணியின் உள்ளீடே அதன் உண்மை என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தில் வழக்கைத் தீர்த்தது சிலம்பின் புறத்தோற்றமன்று. உடைத்தபோது தெறித்த பரல். புறத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டை அகத்தால் பிரித்தறியும் கண் நம் இலக்கியத்தில் மிகப் பழமையானது.

பூட்டு

சங்கிலியில் மிகுதியாக உழைக்கும் உறுப்பு பூட்டே. முற்காலத்துப் பூட்டு மெல்லிய தகட்டை அழுத்தி வளைத்த கொக்கியாக இருந்தது. திறந்து மூடும்போது ஓசை எழும், நாளடைவில் பிடிப்புத் தளரும். பின்னர் மடிப்புப் பூட்டு வலுப்பெற்றது. அதன் மேல் காவல் மூடி சேர்ந்தது. அதன் இலைகள் தகட்டிலிருந்து கெட்டி உலோகத்துக்கு மாறின. அண்மைக்காலப் பூட்டுகளில் கருவி ஏதுமின்றி நீளத்தைச் சற்றே கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு. ரோலெக்ஸின் ஒரு வகைப் பூட்டு 5 மில்லிமீட்டர் நீளம் தருகிறது. இது சிறு வசதியாகத் தோன்றலாம். காலையில் குளிர்ந்த அறையில் சரியாகப் பொருந்திய சங்கிலி நண்பகல் வெயிலில் கையை இறுக்குவதை நம் நாட்டில் அணிந்தோர் அறிவர்.

கண்ணிகளை இணைக்கும் ஆணியும் மாறியது. தறையாணியைக் கழற்ற வேண்டுமெனில் அதன் தலையை அழிக்கவேண்டும். அழுத்திச் செருகும் ஆணி வந்தபின் கண்ணிகளைக் கூட்டிக் குறைப்பது எளிதாயிற்று. திருகாணி வந்தபின் பிடிப்பும் உறுதியாயிற்று. மறைந்திருந்த திருகாணியையே அழகாக்கிக் காட்டியது கார்தியே. 1978இல் வந்த அதன் ‘சான்டோஸ்’ சங்கிலியில் எஃகுக் கண்ணிகளின் மேல் பொன் திருகாணிகளின் தலைகள் வரிசையாக விளங்கின. தோட்டின் சுரையையும் திருகாணியையும் காதுக்குப் பின்னே மறைத்தே பழகிய நமக்கு அது வியப்பான முடிவு.

எஃகு உயர்ந்த ஆண்டு

1969இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. நேரத்தைத் துல்லியமாகக் காட்டும் பெருமை அதன்பின் சுவிட்சர்லாந்தின் தனியுரிமையாக இருக்க இயலவில்லை. விலை மலிந்த பொருள் துல்லியமாக இயங்கும்போது, விலை உயர்ந்த பொருள் எதனால் தன் விலையை நியாயப்படுத்தும்?

அதற்கு ஒரு விடை 1972இல் வந்தது. ஔடெமார் பிகே நிறுவனத்துக்காக ஜெரால்ட் ஜென்டா வரைந்த ‘ராயல் ஓக்’ முழுவதும் எஃகால் ஆனது. விலையோ 3,300 சுவிஸ் பிராங்க், தங்கக் கடிகாரங்களோடு போட்டியிடும் விலை. அதில் கடிகாரக் கூடும் சங்கிலியும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. எண்கோண முகப்பிலிருந்து சங்கிலி இடைவெளியின்றித் தொடர்ந்து, பூட்டை நோக்கிக் கண்ணிக்குக் கண்ணி குறுகிச் செல்லும். கண்ணிகளின் அளவு மாறிக்கொண்டே போவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாது. கண்ணியின் மேற்பரப்பு ஒரே திசையில் இழைத்தது. விளிம்பின் சாய்வு மட்டும் கண்ணாடிபோல் மெருகிட்டது. எஃகு தங்கத்தைவிடக் கடினமானது. அத்தகைய மெருகை அதில் ஏற்றுவது பொன்னில் ஏற்றுவதினும் அரிது. விலை உலோகத்துக்கன்று, வேலைக்கு. 1976இல் பாடெக் பிலிப்பின் ‘நாட்டிலஸ்’ அதே வழியில் வந்தது.

இவ்விரு கடிகாரங்களின் தொடக்ககாலச் சங்கிலிகளைச் செய்தது கே பிரேர் எனும் ஜெனீவாப் பட்டறை. 1835இல் தொடங்கிய அப்பட்டறை புகழ்பெற்ற பல நிறுவனங்களுக்குச் சங்கிலி செய்து கொடுத்தது. கடிகாரத்தின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பட்டறையின் அடையாளமோ பூட்டின் உட்புறத்தில் ஒரு சிறு முத்திரை. 1998இல் ரோலெக்ஸ் அதனை வாங்கித் தன்னுள் இணைத்துக்கொண்டது. செய்தவன் பெயர் உள்ளே மறைய, விற்றவன் பெயர் வெளியே விளங்குவது நம் நகைத்தொழிலுக்கும் பொதுவான நிலை.

மாற்றும் எடையும்

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கருதலாம். மலேசிய நகைக்கடைகளில் ‘916’ எனும் முத்திரையைக் காண்கிறோம். இது 22 காரட் தங்கம். ஆயிரத்தில் 916 பங்கு பொன். தங்கக் கடிகாரங்களில் காணப்படுவதோ பெரும்பாலும் ‘750’. இது 18 காரட், ஆயிரத்தில் 750 பங்கு பொன். உயர்விலை நிறுவனங்கள் ஏன் குறைந்த மாற்றுத் தங்கத்தைப் பயன்படுத்துகின்றன? காரணம் கண்ணியின் இயல்பிலேயே உள்ளது. பொன் மிகுந்தால் மென்மை மிகும். கழுத்தில் தொங்கும் கொடி தன் எடையை மட்டும் சுமக்கிறது. கடிகாரச் சங்கிலியோ கனமான பொறியைச் சுமந்து, கை அசையும்போதெல்லாம் மூட்டுகளில் உராய்கிறது. செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்து கடினமாக்கினால்தான் ஆணித்துளை நிலைக்கும். சில நிறுவனங்கள் இன்று பொற்கண்ணியின் ஆணித்துளைக்குள் பீங்கான் குழலைச் செருகித் தேய்மானத்தைக் குறைக்கின்றன.

இக்கணக்குத் தமிழகத்திலும் சோதனைக்குள்ளாயிற்று. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. 1990களில் அதே நிறுவனம் தனிஷ்க் என்ற பெயரில் நகைத்தொழிலில் இறங்கியபோது, முதலில் 18 காரட் நகைகளையே முன்வைத்தது. நம் மக்கள் அவற்றை ஏற்கவில்லை. நிறுவனம் 22 காரட்டுக்கு மாறவேண்டியதாயிற்று. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நல்லவரைப் புகழும் மொழியில், மாற்றுக் குறைந்த பொன் மதிப்புக் குறைந்ததாகவே எண்ணப்படும். பொறியியல் ஒன்றைச் சொல்ல, மரபு வேறொன்றைச் சொல்லிற்று.

எடையும் ஒரு காரணி. ஒரு கன சென்டிமீட்டர் தூய தங்கம் 19.3 கிராம், எஃகு ஏறத்தாழ 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். 1970இல் ஜப்பானின் சிட்டிசன் முதல் டைட்டானியக் கைக்கடிகாரத்தைச் செய்தது. 1986இல் ராடோ பீங்கான் கண்ணிகளைச் சங்கிலியில் சேர்த்தது. கீறல் விழாத அக்கடிகாரங்கள் நம் குடும்பங்களில் நன்கு அறிமுகமானவை. வியர்வையின் உப்பைத் தாங்கும் எஃகு வகைகளும் தேடப்பட்டன. எஃகில் கலந்த நிக்கல் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்குவதால், 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலில்படும் பொருள்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது.

செய்கூலியும் சேதாரமும்

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நகை வாங்கும் நாம், அன்றைய தங்க விலையை அறிந்தபின் அடுத்துக் கேட்பது ‘செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு’ என்பதே. இவ்விரண்டையும் இழப்பாகவே கருதுகிறோம். திரும்ப விற்கும்போது உலோகத்துக்குத்தான் விலை; வேலைக்கு விலையில்லை. தங்கம் நம் குடும்பங்களுக்குச் சேமிப்பாகவும் காப்பாகவும் இருந்ததால் இக்கணக்கு உருவாயிற்று. அதில் தவறு காண இயலாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வேலைப்பாட்டை மதிக்காத சந்தையில் வேலைக்காரன் நிலைப்பதில்லை. ஒரே நூற்றாண்டில், ஓரிடத்தில் எஃகுக் கண்ணியைத் தீட்டிய கைக்குப் பொன்னின் விலை கிடைத்தது. மற்றோரிடத்தில் பொன்னையே தீட்டிய கைக்குக் கூலியும் பேரம் பேசப்பட்டது.

மலேசியாவில் பொற்கொல்லர் தொழில் ஆள்பற்றாக்குறையைப் பற்றிப் பல ஆண்டுகளாக அரசாங்கத்திடம் முறையிட்டு வந்துள்ளது. பிள்ளைகள் தந்தையின் தொழிலை ஏற்பது குறைந்துவிட்டது. பட்டறை மூடப்படும்போது அதன் மொழியும் மூடப்படுகிறது. உமியோடு, ஊதுகுழல், சாமணம், குறடு, கம்பியச்சு, வெங்காரம், உரைகல், சுரை, தறையாணி ஆகியவற்றுள் எத்தனை சொற்கள் இன்றைய மாணவருக்குத் தெரியும்? ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்கிறோம். பற்றவைப்பதற்குப் பொற்கொல்லர் வைக்கும் பொடியை அறியாமலே சொல்கிறோம். ‘உரைத்துப் பார்’, ‘மெருகேற்று’ என்பவையும் அப்பட்டறையின் கொடைகள்.

ஒரு மொழி பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதனைச் செய்யும் முறையின் சொற்களை இழந்தால், அம்மொழியில் வாங்கலாம், விற்கலாம், செய்ய இயலாது. அறிவியல் தமிழுக்குக் கலைச்சொல் தேடுவோர் அகராதியோடு நின்றுவிடாமல் பட்டறைக்கும் செல்லவேண்டும். கண்ணி, கீல், ஆணி, பூட்டு, கூடு, கெட்டி, மடிப்பு என்னும் எளிய சொற்களாலேயே ஜெனீவாவின் நூற்றாண்டுகால வரலாற்றை இவ்வுரை முழுவதும் சொல்ல முடிந்தது. இச்சொற்கள் இயந்திரப் பொறியியலுக்கும் போதியவை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவருக்கு இடுபணி கொடுக்கும்போது, தம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள பொற்கொல்லர் ஒருவரைச் சந்தித்து, அவர் கருவிகளின் பெயரையும் வேலைகளின் பெயரையும் அவர் சொன்னபடியே எழுதி வரச் சொல்லுங்கள். கருவியைப் படமாக வரையச் சொல்லுங்கள். சொல்லின் பக்கத்தில் பொருளையும், அதைச் சொன்னவர் எந்த ஊர் மரபினர் என்பதையும் குறிக்கச் செய்யுங்கள். ஒரு பள்ளி ஐம்பது சொற்களைத் திரட்டினாலும் அது எந்த அகராதிக்கும் வரவு. மாணவர்களே, அப்பெரியவரிடம் செய்கூலி எவ்வளவு என்று கேட்பதற்குமுன், அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று கேளுங்கள். அவர் பல்லாண்டுகளாக எதிர்பார்த்திருக்கும் கேள்வி அதுவாக இருக்கக்கூடும்.